டர்போ டோர்னமென்ட்: 20 பிபியிலிருந்து 10 பிபி வரை எப்படி ஆடுவது?

மூன்றாம் இருக்கை:

வணக்கம். 5 நிமிட லெவல் (அதற்கொருமுறை பிளைண்ட் என்னும் கட்டாயப் பந்தயம் ஏறும்), 8 பேர் டேபிள், ஆன்டி (ஒவ்வொரு கைக்கும் எல்லோரும் கட்டும் சிறு தொகை) உள்ள டர்போ போக்கர் டோர்னமென்ட் பற்றிய கேள்வி இது. ஆரம்பத்தில் 40, 50 பிபி (கையில் உள்ள சிப், அதாவது ஸ்டாக், எத்தனை பிக் பிளைண்டுக்குச் சமம் என்ற கணக்கு) இருக்கும் வரை குழப்பம் இல்லை, வழக்கமான ஆட்டம்தான். 20 பிபியைத் தொட்டதும்தான் தடுமாற்றம். நல்ல கை வரட்டும் என்று காத்திருந்தால் ஸ்டாக் கரைந்து 5 பிபிக்கு வந்துவிடுகிறது. அப்போது ஆல்-இன் (எல்லாச் சிப்பையும் வைத்து) போனால் யாரும் பயப்படுவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு கால் செய்கிறார்கள் (ஈடாகப் போட்டு மோதுகிறார்கள்). காத்திருக்காமல் முன்னாலேயே போனால் சுமாரான ஏஸை வைத்துக்கொண்டு வெளியேற வேண்டியிருக்கிறது.

கேட்க நினைப்பது மூன்று. எத்தனை பிபி வரை காத்திருக்கலாம்? எந்த இடத்திலிருந்து எந்தக் கையோடு ஷோவ் செய்யலாம், அதாவது ஆல்-இன் போகலாம்? பரிசுக்கு ஓரிருவர் மட்டும் மிச்சமிருக்கும் பபிள் நேரத்தில் இதெல்லாம் எப்படி மாறுகிறது? கணக்கோடு சொன்னால் மனதில் நிற்கும்.

கணக்கப்பிள்ளை:

முதல் கேள்விக்குக் கடிகாரத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம். ஆன்லைனில் ஒரு டேபிளில் மணிக்கு 60லிருந்து 75 கை ஓடும். அப்படியானால் 5 நிமிட லெவலில் கிடைப்பது 6 கை. 8 பேர் டேபிளில் பட்டன் (டீலர் இடத்தைக் காட்டும் வில்லை, கைக்குக் கை நகரும்) ஒரு சுற்று முடிப்பதற்குள் பிளைண்ட் ஏறிவிடுகிறது. 3 நிமிட ஹைப்பர் டர்போ என்றால் லெவலுக்கு நாலு கை தேறினால் அதிகம்.

‘நல்ல கை’ என்று பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது 88, அதற்கு மேலான ஜோடிகள், ஏஸ்-கிங், சூட்டட் (இரண்டும் ஒரே சின்னம்) ஏஸ்-குயின், சூட்டட் ஏஸ்-ஜாக். மொத்தம் உள்ள 1,326 சேர்க்கைகளில் இவை 66, அதாவது 5%. சராசரியாக 20 கைக்கு ஒருமுறை வரும். 20 கை காத்திருந்தும் ஒன்றுகூட வராமல் போக 36% வாய்ப்பு.

அந்த 20 கைக்கு என்ன விலை என்று பாருங்கள். பிளைண்ட் 500/1,000, ஆன்டி தலைக்கு 125. உங்களிடம் 20,000, அதாவது 20 பிபி. ஒரு சுற்றுக்கு ஸ்மால் பிளைண்ட் அரை, பிக் பிளைண்ட் ஒன்று, எட்டு ஆன்டி சேர்ந்து ஒன்று, ஆக 2.5 பிபி போகும். கைக்குச் சராசரி 0.31 பிபி. லெவல்கள் 1,000, 1,300, 1,700, 2,200 என்று ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பானைகூட ஜெயிக்காமல் 20 கை உட்கார்ந்தால் ஏறத்தாழ 8,900 சிப் கழிந்து 11,100 மிஞ்சும். அப்போது பிக் பிளைண்ட் 2,200. இருப்பது 5 பிபி. நீங்கள் சொன்ன அதே 5 பிபி. சிப் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, ஆனால் அதன் மதிப்பு கால்வாசியாகிவிட்டது. டர்போவில் ஸ்டாக்கைத் தின்பதில் பாதி வேலையைச் செய்வது கட்டும் பிளைண்ட் அல்ல, ஏறும் பிளைண்ட்.

ஏன் 5 பிபியில் யாரும் பயப்படுவதில்லை என்பதும் கணக்குதான். பட்டனிலிருந்து 4 பிபி ஷோவ் வருகிறது, ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட் (கையை விட்டுவிடுகிறார்). பிக் பிளைண்டில் இருப்பவர் இன்னும் 3 பிபி போட்டால் போதும், மொத்தப் பானை 9.5 பிபி. 3ஐ 9.5ஆல் வகுத்தால் 31.6%. உங்கள் ரேஞ்ச் (நீங்கள் ஷோவ் செய்யக்கூடிய கைகளின் தொகுப்பு) அகலமானது என்று தெரிந்தால் அவர் கையில் இருக்கும் கிட்டத்தட்ட எந்த இரண்டு கார்டுக்கும் அந்த அளவு கிடைத்துவிடும். அவர் ஃபோல்ட் செய்தால்தான் தப்பு.

அதையே 10 பிபியில் செய்தால்? எல்லோரும் ஃபோல்ட் செய்தால் பிளைண்ட், ஆன்டி சேர்ந்து 2.5 பிபி கிடைக்கும். ஸ்டாக் ஒரே கையில் கால்பங்கு கூடும். பிக் பிளைண்ட் கால் செய்தால் பானை 21.5 பிபி. அப்போது உங்கள் கைக்கு 35% மட்டுமே வாய்ப்பு என்றாலும் சராசரி நஷ்டம் 10 − 7.5, அதாவது 2.5 பிபிதான். ஜெயித்தால் 2.5, மாட்டினால் சராசரியாக 2.5 நஷ்டம். இரண்டில் ஒருமுறை எல்லோரும் ஃபோல்ட் செய்தாலே நஷ்டமில்லை. இந்த ஒரு கணக்கை மனதில் பதிய வைத்தால் பயம் பாதி போய்விடும்.

எனவே காத்திருக்கும் எல்லை 10 பிபி. எப்படியும் 7க்குக் கீழே விடக்கூடாது. 10 பிபியில் ஏஸ் எது வந்தாலும், எந்த இடத்தில் இருந்தாலும், முதலில் பானைக்குள் போவது நீங்கள் என்றால் ஷோவ் செய்யுங்கள்.

கட்ஆஃப்:

கணக்கப்பிள்ளை சொன்ன கடிகாரக் கணக்கு முழுக்கச் சரி. கடைசி வரியை மட்டும் ஏற்க முடியாது. ‘எந்த ஏஸும், எந்த இடத்திலிருந்தும்’ என்ற பழக்கம்தான் டர்போவில் பலரை வீணாக வெளியேற்றுகிறது.

முதல் இடத்திலிருந்து ஷோவ் செய்தால் பின்னால் 7 பேர். ஒவ்வொருவரும் மேலான 10% கையோடு மட்டும் கால் செய்வார்கள் என்று வைத்தாலும், ஏழு பேருமே ஃபோல்ட் செய்ய 0.9ஐ ஏழுமுறை பெருக்க வேண்டும்: 48%. பட்டனில் பின்னால் இரண்டே பேர். அவர்கள் தாராளமாக 25% கையோடு கால் செய்தாலும் இருவரும் ஃபோல்ட் செய்ய 56%. இடத்தின் பலம் இதுதான்.

அதைவிட முக்கியம், யார் கால் செய்கிறார்கள் என்பது. முதல் இட ஷோவைக் கால் செய்பவர் கையில் ஜோடி இருக்கும், இல்லையென்றால் பெரிய ஏஸ் இருக்கும். ஆஃப்சூட் (வெவ்வேறு சின்னம்) ஏஸ்-5, ஏஸ்-கிங்கிடம் மாட்டினால் கிடைப்பது 26% சுமார். ஏஸ் இரண்டு பக்கமும் இருப்பதால் ஜெயிக்க மிஞ்சுவது அந்த மூன்று 5தான். அதே ஏஸ்-கிங்குக்கு எதிராக சூட்டட் ஜாக்-10க்கு 40% போல வரும், இரண்டு கார்டுமே உயிரோடு இருப்பதால். பார்க்க அழகாக இருக்கும் ஏஸைவிட, கால் வாங்கியபின் எது தாக்குப்பிடிக்கும் என்று பார்த்துத்தான் முன் இடத்தில் கை தேர்ந்தெடுக்க வேண்டும்.

10 பிபி, ஆன்டியோடு, 8 பேர் டேபிள் என்றால் தோராயமாக இப்படி நினைவில் வைக்கலாம். முதல் இடத்தில் சுமார் 15%: ஜோடிகள் (மிகச் சிறியவற்றை விட்டுவிடலாம்), ஏஸ்-10க்கு மேல், சூட்டட் ஏஸ்களில் பெரும்பாலானவை, சூட்டட் கிங்-10, குயின்-10, ஜாக்-10. பட்டனில் ஏறத்தாழ 40%: எல்லா ஜோடியும், எல்லா ஏஸும், சூட்டட் கிங்குகளில் பெரும்பாலானவை, ஆஃப்சூட் கிங்-9 வரை, இணைந்த சூட்டட் கார்டுகள். ஸ்மால் பிளைண்ட் வரை எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டால் 60%க்கும் மேல். ஆன்டியே இல்லாமல் இருவர் மட்டும் ஆடும்போதுகூட 10 பிபியில் நாஷ் சமநிலைப்படி (இருவரும் தப்பே செய்யாமல் ஆடினால்) ஸ்மால் பிளைண்ட் 58% கையோடு ஷோவ் செய்யும், ஆன்டி சேர்ந்தால் இன்னும் கூடத்தானே செய்யும்.

இன்னொரு தவறு, சொந்த ஸ்டாக்கை மட்டும் எண்ணுவது. உங்களிடம் 25 பிபி இருக்கலாம். ஆனால் பின்னால் இருக்கும் இருவரிடமும் 9 பிபி என்றால் நீங்கள் ஆடுவது 9 பிபி ஆட்டம். அப்போது 2 பிபி ரெய்ஸ் செய்து, அவர்கள் ஷோவ் செய்ததும் ‘கால் செய்வதா வேண்டாமா’ என்று யோசிக்கக்கூடாது. ரெய்ஸ் செய்யும் முன்பே அந்தப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

14லிருந்து 22 பிபி வரை உள்ள இடைவெளியில் முதல் ஆளாக ஷோவ் செய்வது பெரும்பாலும் வீண். 2.5 பிபிக்காக 18 பிபியைப் பணயம் வைக்க வேண்டியதில்லை, 2 பிபி ரெய்ஸ் போதும். இந்த அளவு ஸ்டாக்கின் உண்மையான ஆயுதம் மறுஷோவ், அதாவது இன்னொருவர் ரெய்ஸ் செய்தபின் அதற்கு மேல் ஷோவ் செய்வது. உதாரணமாக பட்டன் 2 பிபி ரெய்ஸ் செய்கிறார், பிக் பிளைண்டில் நீங்கள் 16 பிபியோடு (போட்ட பிளைண்ட் உட்பட). பானையில் ஏற்கனவே 4.5 பிபி. நீங்கள் மேலே வைப்பது 15. கால் வந்தால் பானை 33.5, அதில் 35% கிடைத்தால் 11.7, ஆக நஷ்டம் 3.3. எதிராளி 42% முறை ஃபோல்ட் செய்தாலே நஷ்டமில்லை. பட்டனிலிருந்து பாதிக் கைகளை ரெய்ஸ் செய்பவர் 16 பிபி ஷோவுக்கு அதைவிட அதிகமாகத்தான் ஃபோல்ட் செய்தாக வேண்டும். முன் இடத்தில் ரெய்ஸ் செய்தவருக்கு எதிராக இதைச் செய்யாதீர்கள், அவர் கை கனமாக இருக்கும். 10 பிபியோடும் இது அவ்வளவாக எடுபடாது, விலை மலிவு என்று கால் செய்துவிடுவார்.

கணக்கப்பிள்ளை:

முன் இடத்து ஏஸ் பற்றி கட்ஆஃப் சொல்வது சரி, அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன். ‘எந்த ஏஸும்’ என்பது பட்டனுக்கும் ஸ்மால் பிளைண்டுக்கும் மட்டும் பொருந்தும்.

ஒன்று சேர்க்க வேண்டும். இந்த ரேஞ்சுகள் எதிராளியும் சரியாகக் கால் செய்வார் என்ற அடிப்படையில் வந்தவை. சிறிய நுழைவுக் கட்டண டேபிள்களில் ஏஸைக் கண்டால் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட டேபிளில் 8-6, 7-5 போன்ற அடிமட்டக் கைகளைக் குறைத்துவிட்டு ஜோடிகளையும் நடுத்தர ஏஸ்களையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்ட் செய்துகொண்டே இருக்கும் டேபிளில் இன்னும் அகலமாகப் போகலாம்.

பபிள் பக்கம்:

மூன்றாவது கேள்வி என் பேட்டை. மேலே உள்ள எல்லாக் கணக்கும் ஒரு சிப்புக்கு எப்போதும் ஒரே மதிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. பபிளில் அது பொய். இழக்கும் சிப்பின் விலை ஜெயிக்கும் சிப்பின் விலையைவிட அதிகம். ஐசிஎம் என்பது அந்த வித்தியாசத்தைப் பணமாக மாற்றிக் காட்டும் கணக்கு.

சின்ன உதாரணம் ஒன்றைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 4 பேர் மிச்சம், முதல் மூவருக்குப் பரிசு, பரிசுத் தொகையில் 50%, 30%, 20%. நால்வரிடமும் தலா 2,500 சிப். ஒவ்வொருவரின் பங்கும் 25%. ஸ்மால் பிளைண்ட் ஷோவ் செய்கிறார், பிக் பிளைண்டில் நீங்கள். கணக்கு சுலபமாக இருக்க பிளைண்ட், ஆன்டியை விட்டுவிடுவோம்.

தோற்றால் பூஜ்யம். ஜெயித்தால் உங்களிடம் 5,000, மற்ற இருவரிடம் 2,500 வீதம். முதலிடம் வர 50%. இரண்டாமிடம் வர, மற்றவர்களில் ஒருவர் முதலிடம் பிடித்து (தலா 25%), மிச்சமுள்ள 7,500 சிப்பில் உங்கள் 5,000 முந்த வேண்டும்: 2 × 0.25 × 0.667, அதாவது 33.3%. மூன்றாமிடம் மீதி 16.7%. இதைப் பரிசால் பெருக்கினால் 25 + 10 + 3.33 = 38.33%. சிப் இரட்டிப்பானது, பணம் 25லிருந்து 38.33 மட்டுமே ஆனது. ஆக கால் செய்ய வேண்டுமானால் 25ஐ 38.33ஆல் வகுத்த அளவு, 65.2% ஜெயிக்கும் வாய்ப்பு வேண்டும்.

இப்போது கையில் ஆஃப்சூட் ஏஸ்-கிங் இருக்கிறது. எதிராளி கார்டைப் பார்க்காமலேயே ஷோவ் செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். எந்த இரண்டு கார்டுக்கும் எதிராக ஏஸ்-கிங்குக்கு 65.3%. மயிரிழையில் கால். ஆஃப்சூட் ஏஸ்-குயினுக்கு 64.4%, ஃபோல்ட். 77க்கு 66.2%, கால். 66க்கு 63.3%, ஃபோல்ட். கண்ணை மூடிக்கொண்டு ஷோவ் செய்பவருக்கு எதிராகவே கால் செய்யத் தகுதியானவை 77, அதற்கு மேலான ஜோடிகள், ஏஸ்-கிங், சூட்டட் ஏஸ்-குயின், சூட்டட் ஏஸ்-ஜாக் மட்டும். 1,326ல் 72 சேர்க்கை. பிளைண்ட், ஆன்டியைச் சேர்த்தால் இந்த அளவு கொஞ்சம் தளரும், ஆனால் திசை மாறாது.

ஆக பபிளில் ஷோவ் செய்பவரும் கால் செய்பவரும் இரண்டு வேறு ஆட்டம் ஆடுகிறார்கள். ஷோவ் செய்பவர் அகலலாம், கால் செய்பவர் சுருங்க வேண்டும். டர்போவில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். பயத்தில் ஷோவை நிறுத்திவிட்டு, ஆத்திரத்தில் ஏஸ்-9ஐ வைத்து கால் செய்கிறார்கள்.

இந்த அகலல் யாருக்கு எதிராக என்பதும் முக்கியம். உங்களை முழுதாக வெளியேற்றக்கூடிய பெரிய ஸ்டாக்கிடம் சீண்ட வேண்டாம், அவருக்குக் கால் செய்வதில் பெரிய இழப்பு இல்லை. 3 பிபி வைத்திருப்பவரிடமும் பலிக்காது, அவருக்கு வேறு வழியில்லை, கால் செய்துவிடுவார். நடுத்தர ஸ்டாக்குகள்தான் இலக்கு. தன்னைவிடச் சிறிய ஸ்டாக் வெளியேறட்டும் என்று காத்திருப்பவர்கள் அவர்கள்.

சாட்டிலைட்டில் (பெரிய டோர்னமென்டுக்கான டிக்கெட்டே பரிசாக உள்ள ஆட்டத்தில்) இது உச்சத்துக்குப் போகும். 10 டிக்கெட், 11 பேர் மிச்சம், நீங்கள் வசதியாக மேல் பாதியில், 1 பிபியோடு ஒருவர் அடுத்த கையில் பிளைண்ட் கட்டப் போகிறார் என்றால், உங்களைத் துடைக்கக்கூடிய ஷோவுக்கு ஏஸ் ஜோடியைக்கூட ஃபோல்ட் செய்வது சரி. முதலாமவருக்கும் பத்தாமவருக்கும் ஒரே டிக்கெட்தான், கூடுதல் சிப்புக்கு அங்கே விலையே இல்லை.

தலைக்கு விலை:

பவுன்டி (ஒருவரை வெளியேற்றினால் அவர் தலைக்குப் பரிசு) டர்போ ஆடுபவர்களுக்காக ஒரு குறிப்பு, ஏனென்றால் அங்கே கால் செய்யும் எல்லை எதிர்த்திசையில் நகரும். நுழைவில் பாதி பரிசுத் தொகைக்கும் பாதி தலைமீதும் போகும் முற்போக்கு பவுன்டியை எடுத்துக்கொள்வோம். ஒருவரை வெளியேற்றினால் அவர் தலை விலையில் பாதி உடனே கையில், மீதிப் பாதி உங்கள் தலையில் ஏறும்.

கமிஷன் போக நுழைவு 100 என்றால், 10,000 தொடக்க ஸ்டாக்குக்குப் பரிசுத் தொகையில் மதிப்பு 50. தலை விலை 50, உடனே கிடைப்பது 25. அதாவது 5,000 சிப்புக்குச் சமம். எதிராளி 10,000க்கு ஷோவ், நடுவே 2,500 கிடக்கிறது, நீங்கள் அவரை மூடும் அளவு (அவரிடம் உள்ளதற்குக் குறையாமல்) வைத்திருக்கிறீர்கள். பவுன்டி இல்லாமல் 10,000ஐ 22,500ஆல் வகுத்தால் 44.4% தேவை. பவுன்டியோடு 27,500ஆல் வகுத்தால் 36.4%. எட்டு சதவீதம் இறங்கிவிட்டது. உங்கள் தலையில் ஏறும் பாதியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அவரிடம் உங்களைவிட ஒரு சிப் அதிகமிருந்தாலும் இதெல்லாம் செல்லாது. வெளியேற்ற முடியாதவர் தலைக்கு உங்களுக்கு விலை கிடையாது. அதனால் பவுன்டி டர்போவில் மற்றவர்களை மூடும் அளவு ஸ்டாக் வைத்திருப்பதற்கே தனி மதிப்பு.

மூன்றாம் இருக்கை:

எல்லோருக்கும் நன்றி. பபிள் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. இரண்டு துணைக் கேள்விகள். இதையெல்லாம் ஆடும்போது 10 வினாடியில் எப்படிப் போடுவது? அடுத்தது ஒரு கை: பரிசுக்கு இன்னும் ஒருவர் வெளியேற வேண்டும். பட்டன் 12 பிபி ஷோவ், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட். பிக் பிளைண்டில் 14 பிபி (பிளைண்ட் உட்பட), கையில் ஆஃப்சூட் கிங்-9. டேபிளில் 3 பிபியோடு ஒருவர் இருக்கிறார், இரண்டு கையில் அவருக்குப் பிக் பிளைண்ட் வரும். கால் செய்யலாமா?

கட்ஆஃப்:

முதல் கேள்விக்கு: ஆடும்போது போடவே கூடாது. ஆட்டம் முடிந்தபின் ஹேண்ட் ஹிஸ்டரியை (ஆடிய கைகளின் பதிவை) ஐசிஎமைசர் அல்லது ஹோல்டம் ரிசோர்சஸ் கால்குலேட்டர் போன்ற மென்பொருளில் ஏற்றி, சந்தேகம் வந்த பத்துக் கைகளைப் பாருங்கள். ஆட்டத்தின் நடுவே அப்படி ஒன்றைத் திறந்து வைப்பதைப் பல தளங்கள் தடை செய்திருக்கின்றன, கணக்கு முடங்கும். 6, 8, 10, 12, 15 பிபி, நாலு இடம் என்று வெறும் இருபது ரேஞ்சுகளை மனப்பாடம் செய்தால் போதும், நடுவில் உள்ளதை ஊகித்துவிடலாம். ஒரே நேரத்தில் திறக்கும் டேபிளையும் குறையுங்கள். 3 நிமிட லெவலில் ஒரு டேபிளில் நேரம் தீர்ந்து தானாக ஃபோல்ட் ஆகும் ஒரு பட்டன் ஷோவ், அந்த லெவலின் பாதி வருமானம்.

கையிருப்பையும் பாருங்கள். டர்போவில் திறமை கொடுக்கும் லாபம் மெல்லியது, ஏற்ற இறக்கம் பெரியது. பெரிய கூட்டம் ஆடும் டர்போவுக்கு 200 நுழைவாவது, ஹைப்பருக்கு 300க்கு மேல், தொலைந்தாலும் வாழ்க்கை பாதிக்காத பணமாகத் தனியே இருக்க வேண்டும். கமிஷனையும் கவனியுங்கள். 100க்கு 10 எடுக்கும் ஹைப்பரில் ஜெயிப்பது, 100க்கு 5 எடுப்பதில் ஜெயிப்பதைவிட மிகக் கடினம்.

பபிள் பக்கம்:

அந்தக் கிங்-9: ஃபோல்ட்.

சிப் கணக்கில் 11 பிபி போட்டு 25.5 பிபி பானைக்கு ஆடுகிறீர்கள், தேவை 43%. பட்டன் 40% கையோடு ஷோவ் செய்கிறார் என்றால் கிங்-9 அந்த அளவைத் தாண்டிவிடும், சாதாரண நேரத்தில் லேசான லாபமுள்ள கால். ஆனால் இங்கே தோற்றால் 2 பிபி மிஞ்சி, அந்த 3 பிபிக்காரருக்கும் கீழே போய்விடுவீர்கள். இத்தனைக்கும் அவர் இரண்டு கையில் பிளைண்டில் சிக்கப் போகிறார். இந்த நிலையில் 43% என்பது 50ஐத் தாண்டி மேலே போய்விடும், கிங்-9 அதைத் தொடாது. ஜோடியில் 99க்கு மேல், ஏஸ்-குயினுக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம்.

ஃபோல்ட் செய்தால் கையில் 13 பிபி. அடுத்த கையில் நீங்கள் ஸ்மால் பிளைண்ட். உங்கள் இடப்பக்கம் இருப்பவரிடம் எவ்வளவு என்று இப்போதே பாருங்கள். 8லிருந்து 12 பிபிக்குள் இருந்து, உங்கள் வரை எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டால், கிங்-9 அல்ல, 9-6 வந்தாலும் ஷோவ் செய்யுங்கள். 3 பிபிக்காரர் இன்னும் உட்கார்ந்திருக்கும் வரை அவர் சுமாரான ஏஸோடு கால் செய்தால் அவருக்கே நஷ்டம்.